இந்தமுறை எதை விதைக்காமல் விடுவது: வட்டக்கச்சி நாட்குறிப்பு

மார்ச் 9

இன்று சிறுபோகக் கூட்டம். கோடையில் நெல் விதைக்க யாருக்கு எவ்வளவு தண்ணீர் என்று முடிவெடுக்கிற கூட்டம். மத்தியானம் திரும்பிய அப்பா சைக்கிளைச் சாத்தின கையோடு செய்தியைச் சொன்னார். எங்கள் இரண்டு ஏக்கரில் ஒன்றுக்குத்தான் இந்தமுறை தண்ணீர். "ஒண்டாவது கிடைச்சுதே" என்று அம்மா தேத்தண்ணியை நீட்டினார்.

கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்தின் கீழ் கமம் செய்கிறவர்களுக்கு இது புதிதல்ல. மாரியில் செய்கிற காலபோகத்தில் மழை கைகொடுக்கும். இருபதாயிரம் ஏக்கருக்கு மேல் விதைப்பார்கள். சிறுபோகம் குளத்தை மட்டும் நம்பியது. குளம் 36 அடி கொள்ளும். இப்போது அதில் எத்தனை அடி நிற்கிறது, அது எத்தனை ஏக்கருக்குக் காணும் என்று அதிகாரிகளும் கமக்காரர் அமைப்புகளும் இருந்து பேசி முடிவெடுப்பார்கள். சத்தம் வரும், கோபம் வரும். ஆனாலும் முழுவதையும் விதைப்போம், வாறது வரட்டும் என்று யாரும் தீர்மானம் எழுதுவதில்லை. கதிர் வருகிற நேரம் வாய்க்கால் காய்ந்தால் எல்லாருடைய வயலும் பதர்தான்.

தை மாதம் என் கொப்பியில் ஐந்து விசயம் எழுதியிருந்தேன். சந்தியில் சொந்தத் தையல் கடை. தையலில் என்.வி.கியூ. நான்காம் மட்டச் சான்றிதழ். ஆங்கிலம் பேசப் பழகுவது. வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீட்டின் பின் அறைக்குப் பூச்சு. ஒரு ஸ்கூட்டி. ஐந்தும் எனக்கு உண்மையாகவே வேண்டும். அப்பா வயலுக்குப் போனபிறகு கொப்பியை எடுத்து, ஆசைகளை விட்டுவிட்டு, என்னிடம் உள்ளதைக் கணக்குப் பார்த்தேன்.

காலை சமையலுக்குப் போய்விடும். பத்திலிருந்து நாலு மணிவரை வாடிக்கைத் தையல். அரிசியும் கரண்ட் பில்லும் அதில்தான். பின்னேரம் கோழியும் தோட்டமும். இரவு எட்டு மணியிலிருந்து பத்து மணிவரைதான் என்னுடைய நேரம், அதுவும் ஞாயிறு தவிர. காசு என்றால், சீட்டுக்குக் கட்டியதுபோக மாதக் கடைசியில் மிஞ்சுகிற சொற்பம்.

இந்தத் தண்ணீருக்கு ஒரு ஏக்கர்தான்.

மார்ச் 12

எதை விதைப்பது என்பதைவிட எதை விடுவது என்று முடிவெடுக்கத்தான் நேரம் பிடித்தது. கடையை விட மனம் வரவில்லை. சந்தியால் போகும்போதெல்லாம் அந்தப் பூட்டிய கடையைப் பார்த்தபடிதான் போவேன். ஆனால் கடைக்கு முற்பணம் வேண்டும், அதற்குக் கடன் வேண்டும். ஆங்கிலத்துக்கு நாள் தவறாத பயிற்சி வேண்டும். சான்றிதழுக்கு வேண்டியது என்னிடம் இருக்கிற இரண்டு மணி நேரமும், ஏற்கெனவே கையில் இருக்கிற தொழிலும்.

இது பலருக்குத் தெரியாது என்பதால் எழுதுகிறேன். என்.வி.கியூ. என்கிற தேசிய தொழிற்தகைமையில் ஏழு மட்டங்கள் உண்டு. நான்குவரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். தொழில் தெரிந்தவர் பாடநெறிக்குப் போகாமலே, செய்த வேலைகளுக்கு ஆதாரம் காட்டி மதிப்பீட்டுக்குப் போகலாம். வருடக்கணக்காக வீட்டிலிருந்து தைக்கிற எத்தனையோ பெண்களுக்கு இந்த வழி உதவும். சான்றிதழ் இருந்தால் தையல் பழக்குகிற வேலைக்கு விண்ணப்பிக்கலாம். கடையும் அதற்குப் பிறகு கொஞ்சம் கிட்ட வரும்.

மற்ற நான்குக்கும் பக்கத்தில் "காலபோகம் தொடங்கும்போது திரும்பப் பார்ப்பது" என்று எழுதினேன். வெட்டவில்லை. விதைக்காமல் விட்ட துண்டும் எங்கள் காணிதானே.

மார்ச் 15

வாட்ஸ்அப்பில் அந்தப் பழைய கதை மறுபடி வந்திருக்கிறது: 1953 இல் யேல் பல்கலைக்கழகத்தில் இலக்கை எழுதிவைத்திருந்த 3 வீத மாணவர்கள், இருபது வருடத்துக்குப் பிறகு மற்ற 97 வீதத்தினரையும்விடக் கூடுதலாகச் சொத்துச் சேர்த்தார்களாம். அப்படி ஓர் ஆய்வு நடந்ததற்கு எந்தப் பதிவும் இல்லை. தேடிப் பார்த்தவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஊக்கப்பேச்சு என்று வருகிறவர்கள்கூட இதைச் சொல்லும்போது எனக்குத் தாங்க முடிவதில்லை. உண்மையாக நடந்த ஆய்வுகள் இருக்கும்போது பிள்ளைகளுக்கு ஏன் பொய்யைக் கொடுக்க வேண்டும்?

நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அமெரிக்காவில் மரக்குற்றி ஏற்றும் லொறிச் சாரதிகளிடம் செய்தது, 1975 இல் வெளிவந்தது. சட்டம் அனுமதித்த நிறையில் ஏறத்தாழ 60 வீதம்தான் அவர்கள் ஏற்றினார்கள். "இயன்றளவு கூட்டி ஏற்றுங்கள்" என்று சொல்லிப் பலனில்லை. பிறகு "94 வீதம்" என்று ஒரு கணக்கைச் சொன்னார்கள். சம்பளம் கூட்டவில்லை, சன்மானமும் இல்லை. சில மாதங்களில் 90 வீதத்துக்கு வந்துவிட்டது. எட்வின் லொக் என்ற உளவியலாளர் 1968 இலேயே இதைச் சொல்லியிருந்தார்: துல்லியமான, கொஞ்சம் கடினமான இலக்கு, "முடிந்ததைச் செய்" என்பதைவிடக் கூடுதலான வேலையை வாங்கும்.

ஆகவே கொப்பியில் "சான்றிதழ் எடுக்க வேண்டும்" என்று இருந்ததை மாற்றினேன்: ஓகஸ்ட் முதல் கிழமைக்குள், வேறு வேறு வகையான ஆறு உடைகள், ஒவ்வொன்றுக்கும் அளவுத்தாள், வெட்டுப்படம், படங்கள், எல்லாம் ஒரு கோவைக்குள், அதாவது ஒரு பைலுக்குள்.

ஏப்ரல் 20

வருசப்பிறப்புக் களை இன்னும் வீட்டில் இருக்கிறது. அக்காவின் மகள், என் பெறாமகள், இந்த வருடம் உயர்தரம் எழுதுகிறாள். உயிரியல் பிரிவு. மேசைக்கு மேலே "மருத்துவ பீடம்" என்று பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறாள். அதைக் கழற்றச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்தத் தாளைப் பார்த்தபடி அவள் சும்மா இருக்கிற நேரம் கூடிக்கொண்டு வருகிறது. நேற்று இரவு பக்கத்தில் போய் இருந்தேன்.

"சின்னம்மா, நான் என்னதான் படிச்சாலும் மற்றப் பிள்ளையள் என்ன எடுப்பினம் எண்டு எனக்குத் தெரியாதே."

அவள் சொல்வது சரி. பல்கலைக்கழக அனுமதி இசட் புள்ளியில் போகிறது; அது மற்றவர்களின் புள்ளியோடு சேர்ந்த கணக்கு. இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகைப்படி, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தப் பட்டியலில் கிளிநொச்சியும் உண்டு. இதில் எந்த வீதமும் அவள் கையில் இல்லை. இன்று இரவு கடந்தகால வினாத்தாள் ஒன்றைச் செய்து திருத்துவது அவள் கையில் இருக்கிறது.

மேலே உள்ள தாளுக்குக் கீழே இன்னொன்று ஒட்டினோம். அவளே எழுதினாள்: "சாப்பிட்டுக் கோப்பை கழுவினதும், முன் விறாந்தையில், கட்டமைப்புக் கட்டுரை ஒரு கேள்வி." அதற்கும் கீழே: "கரண்ட் போனால், சார்ஜ் விளக்கில் பல்தேர்வு."

இப்படி எழுதச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பீற்றர் கோல்விற்சர் என்ற உளவியலாளரும் இன்னொருவரும் ஜேர்மனியில் மாணவர்களிடம், நத்தாருக்கு முதல்நாளை எப்படிக் கழித்தீர்கள் என்று இரண்டு நாளுக்குள் எழுதி அனுப்பக் கேட்டார்கள். எப்போது, எங்கே இருந்து எழுதுவது என்று முன்கூட்டியே தீர்மானித்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் அனுப்பினார்கள். தீர்மானிக்காதவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்தான். இரண்டு பக்கத்தாருக்கும் எழுத விருப்பம் இருந்தது. நேரமும் இடமும் குறித்ததுதான் வித்தியாசம்.

ஏப்ரல் 27

பாடத்தில் ஒரு அலகை இரண்டு நாளில் முடிப்பேன் என்கிறாள் பெறாமகள். எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான் சொல்வார்கள். கனடாவில் 1994 இல் வந்த ஆய்வொன்றில் இறுதியாண்டு மாணவர்கள் தங்கள் ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாள் போதும் என்றார்கள். 55 நாளுக்கு மேல் போனது. போன அலகு உண்மையில் எத்தனை நாள் எடுத்தது என்று கொப்பியைப் பார்த்துத் திட்டம் போடு என்றேன். முகம் கோணினாலும் பார்த்தாள். அட்டவணை மாறிவிட்டது.

மே 19

நேற்று முள்ளிவாய்க்கால் நினைவுநாள். சந்தியில் கஞ்சி கொடுத்தார்கள். மெசினைத் திறக்கவில்லை.

இலக்கு, திட்டம் என்ற பேச்சு வன்னியில் எடுபடாமல் போவதற்குச் சோம்பல் காரணம் என்று வெளியூரிலிருந்து வருகிற சிலர் நினைக்கிறார்கள். அது எனக்கு வலிக்கிறது. இங்கே நாற்பது வயதைத் தாண்டிய எவரைக் கேட்டாலும், கட்டிய வீட்டை விட்டு, விதைத்த வயலை விட்டு, தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, மாத்தளன் என்று போருக்குள் இடம்பெயர்ந்து போன கதை இருக்கும். கொண்டுபோன மெசினை வழியில் விட்டார்கள். அதற்குப் பிறகு சமையல் பாத்திரத்தை. ஐந்து வருடத்துக்குப் பிறகு எங்கே இருப்பாய் என்ற கேள்வி இந்த மனிதர்களுக்கு வேறு மாதிரிக் கேட்கும்.

அம்மாவிடம் கேட்டேன், செட்டிகுளம் முகாமிலிருந்து 2010 இல் திரும்பி வந்தபோது என்ன நினைத்தீர்கள் என்று. கூரை இல்லை, சுவரில் பாதி இல்லை, வளவு முழுக்கப் பற்றை.

"ஒண்டும் நினைக்கேல்லைப் பிள்ளை. முதல் கிணறு இறைக்கோணும் எண்டு நினைச்சன். அது முடிஞ்சாப்பிறகு தென்னம்பிள்ளை."

அவ்வளவுதான். வீட்டைப் பற்றி அந்த வருடம் அவர் பேசவே இல்லையாம். தறப்பாளுக்குக் கீழே இருந்தபடி கிணற்றையும் தென்னையையும் மட்டும் பார்த்தார். அந்தத் தென்னைகளின் தேங்காயில்தான் இப்போது எங்கள் கறி. நாளையை நம்ப முடியாத நேரத்தில் சின்னதாக, இந்தக் கிழமைக்குள் கைக்கு எட்டுவதாக இலக்கு வைப்பது குறைந்த வழி அல்ல என்று நான் முழுமனதாக நம்புகிறேன். அதை முடித்த கைதான் அடுத்ததை எடுக்கத் துணிகிறது.

யூன் 7

பின்வளவு அக்கா வந்தார். சந்திக் கடை இன்னும் காலியாம். "நீ ஓமெண்டு சொல்லு, குழுவில சேர்த்துக் கடன் எடுத்துத் தாறன்" என்கிறார். அன்பில் சொல்வதுதான். ஆனால் அவர் வீட்டுக்குக் கிழமை தவறாமல் கடன் அறவிட வருகிறவரை நான் பார்க்கிறேன். அந்த நாளில் அக்காவின் குரல் வேறாக இருக்கும். 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில், பெண்கள் எடுத்திருந்த ஒரு லட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசு தள்ளுபடி செய்கிற அளவுக்கு நிலைமை போனது. அப்போதும் எத்தனையோ பேர் மிச்சக் கடனோடு நின்றார்கள்.

"இப்ப இல்லையக்கா. மாரிக்குப் பிறகு பாப்பம்" என்றேன். கொப்பியில் முன்கூட்டியே எழுதியிருந்தபடியால் அதைச் சொல்ல எனக்குத் தடுமாற்றம் வரவில்லை. கடையில் எனக்குள்ள ஆசை குறையவும் இல்லை.

யூன் 22

கலியாண வீட்டுத் தையல். கோவைக்கு ஒன்றும் செய்யவில்லை. பெறாமகளுக்குக் காய்ச்சல், இப்போது பரவாயில்லை.

யூலை 13

நான்காவது உடை முடிந்தது. லைனிங் வைத்த சாறி பிளவுஸ். கை இணைகிற வளைவில் துணி சுருங்காமல் இருக்க வேண்டும். அதுதான் மதிப்பிடுகிறவர் முதலில் பார்க்கிற இடம் என்று சான்றிதழ் எடுத்த ஒருவர் சொன்னார். வழமையாக வாடிக்கைக்குத் தைக்கும்போது விரல் பழக்கத்திலேயே போய்விடும். இந்தமுறை கையின் மேல்வளைவில் இரண்டு வரி நீளத் தையல் ஓடி, நூலை மெல்ல இழுத்து, சுருக்கைச் சமமாகப் பரவவிட்டு, ஊசி குத்திப் பிடித்து, அதன்பிறகுதான் மெசினில் வைத்தேன். திருப்பிப் பார்த்தால் ஒரு மடிப்புக்கூட இல்லை. அதையே கன நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சனி இரவுகளில் கொப்பியில் நான்கு வரி எழுதுகிறேன்: என்ன முடிந்தது, என்ன நின்றது, ஏன், வாற கிழமைக்கு எது. அதை எல்லாரும் பார்க்க இங்கேயும் போடுகிறேன். 138 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2016 இல் எழுதிய கட்டுரையொன்று, முன்னேற்றத்தை அடிக்கடி பார்க்கிறவர்கள் இலக்கை எட்டுவது கூடுகிறது என்றும், அதை எழுதிவைத்தாலோ மற்றவர்களுக்குத் தெரியச் சொன்னாலோ பலன் இன்னும் கூடும் என்றும் சொல்கிறது. போன கிழமை ஒன்றும் போடாதபோது, விசுவமடுவிலிருந்து முன்பின் தெரியாத ஒரு தங்கச்சி "அக்கா, மூண்டாவது உடுப்பு என்னாச்சு?" என்று கேட்டிருந்தார். அன்றிரவே மெசினுக்கு முன்னால் இருந்துவிட்டேன்.

ஆறை ஐந்தாகக் குறைக்கலாமா என்ற யோசனை இடையில் வந்தது. இல்லை. யூன் மாதம் போன இரவுகளுக்கு ஈடாகத் திகதியை ஒரு கிழமை தள்ளினேன், எண்ணிக்கையை விட்டுக்கொடுக்கவில்லை.

ஓகஸ்ட் 10

ஆறாவது, சிறுபிள்ளைக்கான பிறில் வைத்த சட்டை, வெள்ளி இரவு முடிந்தது. கோவையைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். அங்கிருந்த உத்தியோகத்தர் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். வெட்டுப்படம் இரண்டில் அளவைச் சென்ரிமீற்றரிலும் எழுதித் தரச் சொன்னார். அங்கேயே இருந்து எழுதிக் கொடுத்தேன். மதிப்பீடு செப்டெம்பரில். துணியை முன்னால் வைத்து வெட்டித் தைக்கச் சொல்வார்களாம்.

பெறாமகளும் இன்று தன் தாளைப் புதுப்பித்தாள். இரசாயனத்தில் சேதனப் பகுதிதான் பின்னுக்கு நிற்கிறதாம். ஒரு கேள்வி என்றிருந்ததை வெட்டி, "சேதனம் மட்டும், இரண்டு கேள்வி" என்று எழுதியிருக்கிறாள். நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை.

வாற கிழமைக்கு: கத்தரிக்கோலைச் சாணை பிடிக்கக் கொடுப்பது. வேறு மெசினில் கை பழகவேண்டும் என்பதால், பரந்தனில் இருக்கிற தோழி வீட்டில் செவ்வாய், வியாழன் பின்னேரம் தைத்துப் பார்ப்பது. கோழியை அந்த இரண்டு நாளும் அம்மா பார்ப்பதாகச் சொல்லிவிட்டார்.