எண்ணெய் மரத்தில் பளபளப்பு நிற்க வேண்டுமென்றால்

கொக்கோபோலோ என்ற எண்ணெய்ப்பசை மிகுந்த மரத்தில் அழகாக ஒரு கிண்ணம் கடைந்து, ஆளிவிதை எண்ணெய் பூசி வைத்தால் மறுநாள் தொட்டாலும் பிசுபிசுக்கும். அடுத்த வாரமும் பிசுபிசுக்கும். பலர் உடனே எண்ணெய் டப்பா பழசு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். டப்பா பாவம், அதன் மேல் குற்றமில்லை.

ஆளிவிதை எண்ணெய், டங் எண்ணெய், எண்ணெய் கலந்த வார்னிஷ், சாதாரண பாலியூரித்தேன் எல்லாம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துதான் இறுகும். கொக்கோபோலோ, ஈட்டி மாதிரி டால்பெர்ஜியா இனத்து மரங்களின் வைரப் பகுதியில், அதாவது நிறம் அடர்ந்த உள்மரத்தில் இருக்கும் சில இயற்கைப் பொருள்கள் அந்த வேலையையே தடுத்துவிடும். எவ்வளவு நாள் காயப்போட்டாலும் அது அரைகுறைதான்.

அசிட்டோனால் துடைத்துவிட்டுப் பூசு என்பார்கள். நானும் துடைப்பேன். வெள்ளைத் துணி ஆரஞ்சு நிறமாகிவிடும், அடுத்த துணியும் அப்படியே. துணி வெள்ளையாக வரும்வரை துடைக்க நினைத்தால் மரம் தீர்ந்துபோகும்! மேல்தோலில் இருக்கும் எண்ணெய் போனால் போதும். அசிட்டோன் சட்டென்று ஆவியாகிவிடும், ஆனால் உள்ளே இருக்கும் எண்ணெய் மெல்ல மேலே வந்துகொண்டே இருக்கும். அதனால் துடைத்த கையோடு முதல் பூச்சு ஏறிவிட வேண்டும். துடைத்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால் அந்தத் துடைப்பு வீண்.

முதல் பூச்சு என்றால் எனக்கு மெழுகு நீக்கிய ஷெல்லாக், அதாவது அரக்குப் பூச்சுதான். ஆல்கஹால் ஆவியாவதால் காய்வது அது. ஆக்சிஜனை நம்பி இல்லை. மர எண்ணெய்க்கும் மேல் பூச்சுக்கும் நடுவே ஒரு சுவர் எழுப்பினது போல ஆகிவிடும். அதற்கு மேல் லாக்கரும் போடலாம், பாலியூரித்தேனும் போடலாம். மெழுகு நீக்காத ஷெல்லாக்கின் மேல் பாலியூரித்தேன் சரியாகப் பிடிக்காது, அதை மட்டும் டப்பாவில் பார்த்து வாங்குங்கள். ஓரத்தில் வெளிர்நிறப் பகுதியை விட்டுக் கடைந்திருந்தால் ஷெல்லாக்கைத் துணியால் தேய்க்காமல் முதல் ஒன்றிரண்டு கோட் ஸ்பிரே பண்ணுங்கள். துணி போட்டால் வைரத்தின் சிவப்பு கரைந்து வெள்ளையில் இழுத்துக்கொண்டு போகும்.

ஆனால் பளபளப்பு பூச்சில் இல்லை, உப்புத்தாளில் இருக்கிறது. இதைத்தான் யாரும் கேட்க விரும்புவதில்லை. கருங்காலி மாதிரி நெருக்கமான மரத்தில் கீறலை ஒளித்துவைக்கப் பெரிய துளைகள் கிடையாது. 220 நம்பர் தாளில் விட்ட கீறல் பூச்சு ஏறினதும் பளிச்சென்று தெரியும். லேத்தை மெதுவாக ஓட்டுகிறேன். எண்ணெய்த் தூள் தாளில் ஒட்டிச் சின்னச் சின்னக் கட்டிகளாக இறுகிவிடும். அப்படி ஒரு கட்டி போதும், கிண்ணத்தைச் சுற்றி வளையமாக ஒரு கோடு போட்டுவிடும். அதனால் தாளை அடிக்கடி தட்ட வேண்டும், கட்டி விழாவிட்டால் தூக்கிப் போட வேண்டும். தாளுக்குப் பின்னால் இருக்கும் விரல் சுட்டால் நிறுத்திவிடுங்கள். சூடு ஏறினால் இந்த மரங்களில் மயிரிழை வெடிப்பு விடும், குறுக்குவெட்டு முகத்தில் முதலில்.

ஒவ்வொரு நம்பர் முடிந்ததும் லேத்தை நிறுத்திவிட்டு, இழை ஓடும் திசையில் அதே தாளால் கையாலேயே தேய்க்கிறேன். விளக்கைப் பக்கவாட்டில் தாழப் பிடித்தால் வளையக் கீறல் மிச்சமிருக்கிறதா என்று தெரிந்துவிடும். இருந்தால் அடுத்த நம்பருக்குப் போவதில் அர்த்தமில்லை. 600க்கு மேல் மைக்ரோ-மெஷ் என்ற மிக நைசான மெருகுத் துணி. அதில் 12000 என்று போட்டிருப்பதைப் பார்த்து மலைக்க வேண்டாம், அது தனி அளவுமுறை, சாதாரணத் தாளின் நம்பரோடு நேரடியாக ஒப்பிட முடியாது.

இந்தத் தூளை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கொக்கோபோலோ தூள் பலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும், பழகப் பழக ஒவ்வாமை கூடுமே தவிரக் குறையாது. மாஸ்க், தூள் உறிஞ்சி இரண்டும் வேண்டும்.

பேனா மாதிரி நாள் முழுக்கக் கையில் புரளும் பொருளுக்கு நான் போடுவது சூப்பர் குளூ, அதாவது சயனோஅக்ரிலேட். மெல்லிய கோட்டாகப் பல முறை, பேப்பர் டவலால். பருத்தித் துணியை எடுக்கவே கூடாது. பருத்தியில் பட்டால் சூடேறிக் கையைச் சுட்டுவிடும். சீக்கிரம் இறுகட்டும் என்று ஆக்சிலரேட்டரை அள்ளித் தெளித்தால் வெள்ளைப் புகை போலப் படிந்துவிடும். பிறகு மைக்ரோ-மெஷ்ஷைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் கண்ணாடிதான். கண்ணாடி போல இருக்கிறது என்பதே அதன் குறையும்கூட, மரத்தைத் தொடுகிற உணர்வே போய்விடுகிறது.

அதனால் கிண்ணம், மூடிச் சிமிழ் இதற்கெல்லாம் பல சமயம் பூச்சே போடுவதில்லை. நன்றாகத் தேய்த்தபின் பஃபிங் சக்கரத்தில் ட்ரைபோலி, அப்புறம் வொயிட் டயமண்ட் (இரண்டும் மெருகேற்றும் கட்டிகள்), கடைசியாகக் கார்னோபா மெழுகு. இது லாக்கர் அளவுக்கு உழைக்காது, ஈரக்கை பட்டால் புள்ளி விழும். ஆனால் மங்கினால் மறுபடி சக்கரத்தில் காட்டினால் போதும், உரிந்த பூச்சைச் சுரண்டுகிற தலைவலி இல்லை. கைரேகைதான் கவலை என்றால் மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு போடுங்கள். 1950களில் பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆய்வகத்தில் உருவான ரெனசான்ஸ் வாக்ஸ் அந்த வகைதான்.

லிக்னம் விட்டே என்ற மரத்துக்கு மெழுகும் வேண்டியதில்லை. கப்பலின் புரொப்பெல்லர் தண்டுக்குத் தண்ணீருக்கடியில் பேரிங்காக உழைத்த மரம் அது, தன் பிசினே தனக்கு மசகு. தேய்த்துவிட்டு வெறும் துணியால் பலமாகத் துடைத்தாலே மினுங்கும்.