மொரிசியசில் கலப்பு அணி அமைப்பது எப்படி?

மொரிசியசின் பழைய கால்பந்து கிளப்புகளைப் பெயரை வைத்தே எந்தச் சமூகத்துடையவை என்று சொல்லிவிடலாம். தமிழ் காடெட்ஸ், ஹிந்து காடெட்ஸ், முஸ்லிம் ஸ்கௌட்ஸ் என்று வெளிப்படையாகவே வைத்திருந்தார்கள். ஆப்பிரிக்க வம்சாவளியினரான கிரியோல் மக்கள் ஃபயர் பிரிகேட் கிளப் பக்கம். பின்னாளில் முஸ்லிம் ஸ்கௌட்ஸ் வெறும் ஸ்கௌட்ஸ் கிளப் ஆனது. கைதட்டிய கூட்டம் அதேதான். 1999 மே 23 அன்று ஸ்கௌட்ஸும் ஃபயர் பிரிகேடும் ஆடிய ஆட்டத்துக்குப் பின் கலவரம் வெடித்தது. போர்ட் லூயிசில் லாமிக்கால் சூதாட்ட விடுதிக்குத் தீ வைத்தார்கள். 7 பேர் இறந்தார்கள், அதில் குழந்தைகளும் உண்டு. லீக் நிறுத்தப்பட்டு, பிறகு வட்டார வாரியான கிளப்புகளோடு தொடங்கியது.

எனவே விளையாட்டு தானாகவே மக்களைச் சேர்த்துவிடும் என்று நம்பி இறங்கக் கூடாது. மாத்யூ லோ என்ற பொருளாதார ஆய்வாளர் உத்தரப் பிரதேச கிராமங்களில் கிரிக்கெட் லீக் நடத்திப் பார்த்தார்; ஆய்வு 2021-ல் வெளியானது. ஒரே அணியில் ஆடிய வேறு வேறு சாதிப் பையன்கள் நண்பர்களானார்கள். எதிரணியாக மட்டும் சந்தித்தவர்களிடம் பெரும்பாலும் விலகலே கூடியது. கோயில் அணிக்கும் மசூதி அணிக்கும் 'நட்பு ஆட்டம்' வைக்கிறவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும்.

ஐவர் கால்பந்துக்கு 64 பேர் போதும்: 8 அணி, அணிக்கு 8 பேர் (ஐவர் களத்தில், மூவர் மாற்று). யார் எந்தச் சமூகம் என்று படிவத்தில் கேட்காதீர்கள். தெருவும் படித்த பள்ளியும் கேட்டால் போதும். ஆட்டத் திறமையை வைத்து எட்டெட்டுப் பேராக 8 பெட்டி பிரித்து, ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் அணிக்கு ஒருவரைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். ஒரே தெருவிலோ பள்ளியிலோ இருந்து ஓர் அணியில் 3 பேருக்கு மேல் வந்தால், அந்தச் சீட்டு அடுத்த அணிக்கு. குலுக்கலை எல்லார் முன்னிலையிலும் நடத்த வேண்டும். இல்லாவிட்டால் முதல் தோல்வியிலேயே சந்தேகம் கிளம்பும்.

ஒரே நாளில் முடித்துவிடும் போட்டியால் பயன் குறைவு. 8 அணியும் ஒன்றோடொன்று மோதினால் 28 ஆட்டம். ஞாயிறுக்கு 4 வீதம் 7 வாரம். பாதிக்கு 15 நிமிடம், நடுவில் 5 நிமிட இடைவேளை என்று வைத்தால் ஒரே மைதானத்தில் காலையிலேயே மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

பெரும்பாலும் கெட்டுப்போவது மாற்று ஆட்டக்காரர் விஷயத்தில்தான். காகிதத்தில் கலப்பு அணி இருக்கும். களத்தில் கேப்டனின் கூட்டாளிகள் ஐவரே ஆடுவார்கள், மற்ற மூவரும் ஓரத்தில் தண்ணீர் பாட்டிலோடு. ஒதுக்கப்படுகிறோம் என்ற உணர்வை அதைவிடக் கூர்மையாகக் கொடுக்க முடியாது. 5 நிமிடத்துக்கு ஒருமுறை மூவர் வெளியே, மூவர் உள்ளே என்று விதியாகவே எழுதிவிடுங்கள். ஆளுக்கு 15 அல்லது 20 நிமிடம் கிடைக்கும். நேரம் குறிக்கிறவர் எந்த அணியையும் சேராதவராக இருக்கட்டும். கேப்டன் பதவியும் வாரம் ஒருவருக்குப் போக வேண்டும்.

பணத்தைக் கோயில், மசூதி, தேவாலயம் எல்லாவற்றிடமும் வாங்கலாம், வாங்கவும் வேண்டும். ஆனால் சட்டையில் எந்தப் பெயரும் வேண்டாம். அணிகளுக்கு மலைகள், ஆறுகள் பெயரை வையுங்கள். பேச்சு எல்லாருக்கும் பொதுவான கிரியோல் மொழியில் நடக்கட்டும். நம் பையன்கள் தமிழ்ப் பாட்டு போட்டால் தடுக்காதீர்கள்.

ஈராக்கில் கிறிஸ்தவ அணிகளில் முஸ்லிம்களைச் சேர்த்து சல்மா மூசா செய்த ஆய்வு (2020) ஓர் எச்சரிக்கை தருகிறது: களத்தில் வந்த இணக்கம் களத்துக்கு வெளியே பெரிதாகப் பரவவில்லை. அதனால் ஆட்டம் முடிந்ததும் கலைந்துபோக விடாதீர்கள். இரண்டு அணியும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும்படி தால்பூரி (பருப்பு வைத்த மெல்லிய ரொட்டி) வாங்கி வையுங்கள். மாடும் பன்றியும் இல்லாத பண்டம், யாரும் கை வைக்கத் தயங்க வேண்டியதில்லை. தைப்பூசக் காவடி விரத நாட்களிலும் ரமலான் மாதத்திலும் மட்டும் லீக்கே வைக்காதீர்கள். வர முடியாதவனின் இடத்தை இன்னொருவன் பிடித்துக்கொண்டால், பிறகு அவன் திரும்பி வருவது கடினம்.