புதுக் கடைக்குப் பணம் போடுமுன்: டார்கெட் பார்த்த கணக்கு

அமெரிக்காவின் சில்லறைக் கடை நிறுவனமான டார்கெட்டில் 2006 வாக்கில் இருந்த நடைமுறை இது. ஒரு லட்சம் டாலரைத் தாண்டும் எந்த முதலீடும் மூத்த நிர்வாகிகளின் மூலதனச் செலவுக் குழுவுக்குப் போகும். ஐந்து கோடியைத் தாண்டினால் இயக்குநர் குழுவும் ஒப்ப வேண்டும். கடை ஒன்றுக்கு ஒரு சுருக்கத் தாள்: முதலீடு, என்பிவி (வருங்கால வரவுகளின் இன்றைய மதிப்பில் முதலீடு போக மிஞ்சுவது), ஐஆர்ஆர் (முதலீடு தரும் ஆண்டு வருவாய் சதவீதம்), சுற்றுவட்டார மக்கள்தொகை, குடும்ப வருமானம், கல்லூரிப் படிப்பு முடித்தவர்களின் சதவீதம். வருங்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் தள்ளுபடி விகிதம் கடைகளுக்கு 9 சதவீதம்.

அந்தத் தாளில் என் கண் முதலில் போவது, விற்பனை 10 சதவீதம் குறைந்தால் என்பிவி எவ்வளவு இறங்கும் என்ற வரிக்குத்தான். ஒரு மாதிரிக் கணக்கு பாருங்கள். முதலீடு 2.4 கோடி டாலர், ஆண்டு விற்பனை 4 கோடி. விற்பனை 10 சதவீதம் குறைந்தால் 40 லட்சம் போச்சு. அதில் கடைக்கு மிஞ்சியிருக்கக்கூடியது 22 சதவீதம் என்றால் 8.8 லட்சம், 25 சதவீத வரி போக 6.6 லட்சம். இதே இழப்பு இருபது வருடமும் தொடர்ந்தால், அதை 9 சதவீதத்தில் தள்ளுபடி செய்ய அதற்குரிய பெருக்கெண்ணான 9.13-ஆல் பெருக்கினால் சுமார் 60 லட்சம் டாலர். கட்டுமானச் செலவு அதே 10 சதவீதம் எகிறினால் இழப்பு 24 லட்சம்தான். ஒப்பந்தக்காரரிடம் பேரம் பேசும் நேரத்தில் பாதியையாவது விற்பனைக் கணிப்பைக் குடைவதற்குக் கொடுக்க வேண்டும்.

கணிப்பு பெரும்பாலும் வீங்குவது பக்கத்தில் இருக்கும் நிறுவனத்தின் சொந்தக் கடையால். புதுக் கடை விற்பனையில் 20 சதவீதம் அங்கிருந்து வந்தவர்களுடையது என்றால், மேலே சொன்ன கணக்குப்படி 1.2 கோடி டாலர் என்பிவி வெறும் இடமாற்றம். முதலீட்டில் பாதி! கார்டு பரிவர்த்தனைகளை அஞ்சல் குறியீடு வாரியாகப் பிரித்து, புதுக் கடை எந்தப் பகுதிகளைத் தொடும் என்று பார்த்தால் இது பிடிபடும். கடை முழு விற்பனையை எட்டச் சில வருடங்கள் ஆகும். முதல் வருடமே முழு எண்ணைப் போட்டிருந்தால் தாளைத் திருப்பி அனுப்புங்கள்.

ஐஆர்ஆரைத் தனியாக நம்பாதீர்கள். 1.3 கோடியில் 16 சதவீதம் தரும் சிறு கடையைவிட 12 கோடியில் 10 சதவீதம் தரும் நகரக் கடை அதிக என்பிவி தரலாம். ஆனால் அது 9 சதவீதத் தள்ளுபடி விகிதத்தைவிட ஒரு சதவீதம்தான் மேலே, தாங்கும் இடம் குறைவு. விற்பனை கொஞ்சம் சரிந்தாலே என்பிவி மைனசுக்குப் போகும். மண் பரிசோதனைக்கும் வரைபடத்துக்கும் ஏற்கெனவே கொட்டிய பணத்தை இந்த முடிவில் சேர்க்கவே கூடாது.

கடை கடையாகப் போடும் கணக்கில் சிக்காத ஆபத்தும் உண்டு. 2011-ல் டார்கெட் கனடாவில் ஜெல்லர்ஸ் கடைகளின் குத்தகைகளை 182.5 கோடி கனடிய டாலருக்கு வாங்கியது. 2013-ல் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட கடைகள் திறந்தன. பொருள்களின் அளவும் விவரமும் கணினியில் தப்பும் தவறுமாக ஏறியிருந்தன. கிடங்கு நிரம்பி வழிய, கடை அலமாரி காலியாகக் கிடந்தது. 2015 ஜனவரியில் 133 கடைகளையும் மூடப்போவதாக அறிவித்தார்கள். ஒவ்வொரு கடையின் என்பிவியும் அலமாரி நிறைந்திருக்கும் என்று வைத்துக்கொண்டே போடப்படுகிறது. புதிய நாட்டிலோ புதிய மாநிலத்திலோ இறங்கும்போது கிடங்கு, மென்பொருள், சரக்கு வரத்து மூன்றுக்கும் தனித் தாள் கேளுங்கள். முதல் சில கடைகளில் சரக்கு தட்டுப்பாடின்றி வருவது உறுதியான பிறகே அடுத்த தொகுதிக்குக் கையெழுத்துப் போடுங்கள்.