ராகம் பொது, மெட்டு?

'பொன்னியின் செல்வன் 2' படத்தில் ஏ.ஆர்.ரஹ்மான் இசையமைத்த 'வீரா ராஜ வீரா' பாட்டின் மீதான வழக்கை விடாமல் படித்துக்கொண்டிருக்கிறேன். சோழன் பாட்டுக்கு டெல்லியில் வழக்கு என்றால் தஞ்சாவூர்க்காரன் சும்மா இருப்பானா!

இந்துஸ்தானிப் பாடகர்களான டாகர் சகோதரர்களின் 'சிவ ஸ்துதி' மெட்டு அது என்பது அவர்கள் வாரிசின் புகார். 2025 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றத் தனி நீதிபதி ரஹ்மான் தரப்பிடம், டாகர்கள் பெயரைப் போடு, 2 கோடி ரூபாய் கட்டு என்றார். செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. பாடியவர் என்பதாலேயே இயற்றியவர் ஆகிவிட முடியாதாம்.

இங்கே டீக்கடையில், "ரெண்டும் அடாணா ராகம், அப்படித்தான் இருக்கும்" என்று அடித்துப் பேசுகிறார்கள். அரைகுறை வாதம். ராகம் யாருக்கும் சொந்தமில்லை, சரி. அதில் ஒருவர் கட்டிய மெட்டு அவர் சொத்துதான், அவர் காலத்துக்குப் பின்னும் 60 வருஷம். தியாகராஜரின் 'ஏல நீ தயராது'வும் அடாணாதான், ஆனால் அது கர்நாடக அடாணா, இந்துஸ்தானி அடாணா வேறு. அவர் 1847இல் மறைந்தவர், யாரும் பாடலாம். கும்பகோணத்துக் கல்யாணத்தில் நாயனக்காரரிடம் இதைக் கேட்டேன். சீவாளியை வாயில் நனைத்துக்கொண்டே, "ராகம் பொதுதான் தம்பி, ஆனா என் சங்கதியை எவனாவது எடுத்தா எனக்குத் தெரியும்" என்றார். சங்கதி என்றால் ஒரே வரியை மாற்றி மாற்றி மெருகேற்றி வாசிப்பது.

என் ஆதங்கம் வேறு. நம்ம ஊர் நடவுப் பாட்டு மெட்டை எவனாவது சினிமாவில் போட்டால், எந்த வாரிசு டெல்லிக்கு ரயிலேறுவார்? டைட்டிலில் ஊர்ப் பெயரையாவது போடலாமே, அதுக்குமா கோர்ட்டு?