டைட்டானியம் வளையத்தின் வாயை மூடிய கதை

ஞாயிற்றுக்கிழமை தைப்பூசக் காவடிக்கு ஜிமிக்கி போட்டுக்கொண்டு போனேன். விடியற்காலையிலிருந்து மாலை வரை கழற்றவில்லை. தென்னாப்பிரிக்காவில், டர்பனின் பிப்ரவரிப் புழுக்கத்தில் கழுத்தெல்லாம் வியர்வை. இன்று வியாழன். காது சிவக்கவில்லை, அரிக்கவில்லை, நீர் கோக்கவில்லை. பதினொரு வருடத்தில் இதுதான் முதல் தடவை! உடனே எழுதாமல் நான்கு நாள் பொறுத்திருந்தேன். எனக்கு இருப்பது நிக்கல் ஒவ்வாமை, நிக்கல் கலந்த உலோகம் பட்டால் தோல் தடிக்கும். அது நகை போட்ட அன்றே வந்துவிடாது. ஒரு நாள், சில சமயம் மூன்று நாள் கழித்துத்தான் தலைகாட்டும்.

அந்தத் தாமதம்தான் என்னை இத்தனை நாள் அலைக்கழித்தது. டிசம்பரில் நானே செய்த ஜோடிக்குக் காதில் நுழையும் கொக்கி 0.8 மில்லிமீட்டர், கிரேடு 2 எனப்படும் கலப்பில்லாத டைட்டானியம். நுனியை 400, 800, 1200 என்று உப்புத்தாளில் உருட்டி உருட்டித் தேய்த்திருந்தேன். ஆனாலும் மூன்றாம் நாள் தடித்தது. கம்பி விற்றவர் மீது சந்தேகப்பட்டு வேறிடத்தில் இன்னொரு சுருள் வாங்கினேன். மறுபடியும் அதே தடிப்பு. அப்போதுதான் கண்ணாடியில் நிதானமாகப் பார்த்தேன். துளை சுத்தமாக இருந்தது. தடிப்பு மடலின் அடியில்.

நிக்கலைக் காட்டும் டைமெத்தில்கிளையாக்சைம் திரவத்தைப் பஞ்சுக் குச்சியில் நனைத்து ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். கொக்கியில் நிறம் மாறவில்லை. பாட்டியின் ஜிமிக்கிக் குடையிலும் மாறவில்லை. இரண்டையும் கோக்கும் 4 மில்லிமீட்டர் வளையத்தில் வைத்ததும் பஞ்சு இளஞ்சிவப்பானது. பொட்டலத்தின் மேல் ‘ஜெர்மன் வெள்ளி’ என்று எழுதியிருந்தது. அதில் பொட்டு வெள்ளி கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம்தான். தலையை ஆட்டும்போதெல்லாம் அந்த வளையம் மடலின் அடியில் உரசியிருக்கிறது. வியர்வையின் உப்பு அதிலிருந்து நிக்கலைக் கரைத்துத் தோலுக்குள் இறக்கியிருக்கிறது. நகப்பூச்சு பூசிப் பாருங்கள் என்பார்கள். நானும் பூசினேன், ஒரு வாரத்துக்குள் உரிந்துவிட்டது.

925 வெள்ளி வளையம் போட்டிருக்கலாம், அதன் முனைகளைப் பற்றவைத்து ஒட்டுவதும் சுலபம். ஆனால் எங்கள் கடலோர ஈரத்தில் வெள்ளியைத் துடைத்துத் துடைத்துக் கை ஓய்ந்துவிட்டது. வளையமும் டைட்டானியமாகவே இருக்கட்டும் என்று இறங்கினேன். மூன்று வாரம் விழுங்கிய வேலை இது.

டைட்டானியத்தை வீட்டு விளக்கில் பற்றவைக்க முடியாது. அனல் காட்டி இளக்கலாம் என்றால் காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு மேற்பரப்பு நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். ஆகவே வளையத்தின் வாயை, அதாவது இரண்டு முனையும் சந்திக்கும் இடத்தை, அழுத்தியே மூட வேண்டும். இந்தக் கம்பியோ வளைத்த கையை எடுத்ததும் திமிறி விரிகிறது. வெட்டுக் குறடால் நறுக்கினால் இரண்டு முனையும் கூரை போலக் கூம்பிக்கொள்கின்றன. நடுவில் மயிரிழை இடைவெளி நிற்கிறது. அந்த இடைவெளியில் ஜிமிக்கி நழுவி விழுந்தே தீரும்.

முதலில் குறடை விட்டுவிட்டு நகைவேலை ரம்பத்துக்கு மாறினேன். வெட்டு முகம் தட்டையாக வந்தது. அடுத்து, இரண்டு தட்டைமூக்குக் குறடுகளால் முனைகளைப் பிடித்து, ஒன்றையொன்று தாண்டி அரை மில்லிமீட்டர் ஏறும்வரை உள்ளே தள்ளினேன். பிறகு பக்கவாட்டில் விலக்கி நேருக்கு நேர் கொண்டுவந்தேன். இப்போது கம்பி இன்னும் உள்ளே போகத் துடிக்கும்; அந்த விசையே இரண்டு முகங்களையும் ஒன்றோடொன்று அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. திமிறுகிறதே என்று எந்தக் குணத்தைத் திட்டினேனோ, அதே குணம்தான் வாயை மூடுகிறது. முப்பத்தொன்று வளையம் வீணான பிறகு முப்பத்திரண்டாவது ‘டிக்’ என்று உட்கார்ந்தது. நகத்தால் தடவினால் இணைப்பு தட்டுப்படவில்லை. அந்தச் சத்தத்தை நான் மறக்கமாட்டேன்.

குறடுகளின் மூக்கைப் புதிதாகத் தேய்த்துத் துடைத்துக்கொண்டேன். ஜெர்மன் வெள்ளியை அராவிய அரத்தை டைட்டானியத்தின் பக்கமே விடுவதில்லை. துகள் ஒட்டிக்கொண்டால் பட்ட பாடெல்லாம் வீண்.

நிறம் ஏற்றியது ஒரே மாலையில். மூன்று 9 வோல்ட் பேட்டரிகளைத் தொடராகக் கோத்து, சமையல் சோடா கரைத்த நீரில், நகையை நேர்முனையில் பிடித்தேன். 27 வோல்ட்டில் கருநீலம். சாயம் எதுவும் இல்லை, ஆக்சைடு படலத்தின் தடிமன்தான் நிறமாகத் தெரிகிறது. செம்புக் கிளிப் மட்டும் நீரில் படக்கூடாது. மின்வெட்டு வந்தாலும் வேலை நிற்காது என்பது இந்த நாட்டில் பெரிய நிம்மதி.

வெல்டிங் சாமான் கடைகளிலும் கிரேடு 2 கம்பி கேட்டுப் பாருங்கள். எனக்குக் கிடைத்தது 1 மில்லிமீட்டர். காதுத் துளைக்குச் சற்றுப் பருமன், வளையத்துக்குப் போதும். வெள்ளைத் தங்கம் வாங்குகிறவர்கள் அதில் நிக்கல் கலந்திருக்கிறதா என்று கேட்காமல் வாங்காதீர்கள். உலகத்துப் பிளாட்டினத்தில் பெரும்பகுதி இந்த மண்ணில்தான் தோண்டப்படுகிறது. அதில் ஒரு கொக்கி செய்யும் ஆசை எனக்கு இன்னும் தீரவில்லை.

பெரிய ஜோடிக்கு இன்னும் ஆறு வளையம் மூட வேண்டியிருக்கிறது. அதற்குள் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் சின்னம்மா தன் மூக்குத்தியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். ஆடி மாதக் கூழுக்குள் வேண்டுமாம். அதற்கு நியோபியம் என்ற உலோகத்தில் கம்பி சொல்லியிருக்கிறேன். டைட்டானியத்தைவிட மெது, வளைத்த இடத்தில் நிற்கும். பழைய மூக்குத்தியின் திருகாணியில் பஞ்சை வைத்தேன். இளஞ்சிவப்பு.