ஜியோ-சயின்டிஸ்ட் மெயின்ஸ்: சுண்ணாம்புக்கல் கேள்வியில் உச்சியை முதலில் பாருங்கள்

போன வாரம் யுபிஎஸ்சி நடத்தும் ஜியோ-சயின்டிஸ்ட் தேர்வின் ரிசல்ட் வந்தது. பட்டியலில் என் நம்பரை மூன்று தடவை சரிபார்த்த பிறகுதான் அம்மாவுக்குப் போன் செய்தேன். இது இரண்டாவது முயற்சி. முதல் தடவை என்னைக் கவிழ்த்தது ஜியாலஜி முதல் தாள், அதிலும் படிவுப் பாறைகளைப் பற்றிய செடிமென்டாலஜி. தேர்வு முறையெல்லாம் உங்களுக்குத் தெரியும். நான் சறுக்கிய ஒரே தலைப்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்: ஆழமில்லாத கடலில் படிந்த சுண்ணாம்புக்கல் அடுக்குகளில் கடல்மட்ட ஏற்ற இறக்கம் எப்படிப் பதிவாகிறது?

அன்று எழுதிய பதில் இது. அடியில் சிப்பியும் புழுத்துளையும் உள்ள சேற்றுச் சுண்ணாம்பு, நடுவில் பாசிப் படலங்கள், மேலே வெடித்துக் காய்ந்த சேறு, ஆகவே கடல் இறங்கியது. படமும் சுத்தமாகப் போட்டிருந்தேன். தப்பு அந்த "ஆகவே"யில் இருந்தது.

மேலே போகப் போக ஆழம் குறைந்தது உண்மைதான். ஆனால் அதற்குக் கடல் இறங்கியிருக்க வேண்டும் என்றில்லை. சுண்ணாம்புச் சேறு அந்த இடத்திலேயே உற்பத்தியாகிறது. கடல்மட்டம் அசையாமல் நின்றாலும், மெதுவாக ஏறிக்கொண்டிருந்தாலும்கூட, சேறு சேர்ந்து சேர்ந்து தரை நீர்மட்டத்தைத் தொட்டுவிடும். புவியியலாளர் ராபர்ட் கின்ஸ்பர்க் 1971-இல் சொன்னது இதைத்தான். ஓதச் சமவெளி (ஓதம் ஏறும்போது மூழ்கி, இறங்கும்போது வெளியே தெரியும் கரைத்தரை) கடலை நோக்கி வளர வளர, சேறு தரும் பரப்பு சுருங்கி உற்பத்தி நின்றுபோகும். தரை அமிழ்ந்து ஆழம் வந்ததும் அடுத்த சுழற்சி, அதாவது இதே அடுக்கு வரிசை, மறுபடி தொடங்கும்.

சரி, கடல் நிஜமாகவே இறங்கியதற்கு எது சாட்சி? அடுக்கின் உச்சிதான். எப்போதும் நீருக்கடியில் இருந்த சுண்ணாம்பின் தலையிலேயே, நடுவில் ஓதச் சமவெளி அடுக்கு எதுவும் இல்லாமல், மண்ணோ காலிச்சேயோ (வெயில் காயும் நிலத்தில் உண்டாகும் கெட்டிச் சுண்ணாம்பு ஓடு) உட்கார்ந்திருந்தால், சேறு நிரம்பி மேலே வரவில்லை, தண்ணீர்தான் விலகிப் போயிருக்கிறது. இந்த ஒரு வரிக்காக நான் ஒரு வருடம் செலவழித்திருக்கிறேன்.

எங்கள் துறை மியூசியத்தில் ஒரு சாம்பல் நிறக் கல் உண்டு. லென்ஸ் வைத்துப் பார்த்தால் அரிசிமணி போல வெள்ளைக் கால்சைட் (சுண்ணாம்புப் படிகம்) கண்கள் படுத்தவாக்கில் வரிசையாகத் தெரியும். பாசிப் படலம் காய்ந்தும் காற்று அடைபட்டும் உண்டான இடுக்குகளில் பின்னால் கால்சைட் நிரம்பியது. பறவைக்கண் என்று நாம் படிப்பது அதுதான். அதைக் கையில் பிடித்துப் பார்த்த பிறகு ஓதச் சமவெளி எனக்கு மறக்கவே இல்லை. உங்கள் கல்லூரி அலமாரியிலும் இருக்கும், தேடி எடுங்கள்.

உதாரணம் இரண்டு போதும்.

லாட்டெமார், இத்தாலியின் டோலமைட் மலை, நடு டிரையாசிக் காலம். சுமார் 600 சுழற்சிகள். நீருக்கடியில் படிந்த அடுக்குகளின் மேல் நேராகவே வெயில் பட்ட மூடிகள். ஐந்தைந்தாகச் சேர்ந்து வருவதால், ஒன்று 20,000 ஆண்டு, ஐந்து சேர்ந்தால் 1,00,000 என்று 1987-இல் கோல்ட்ஹாமர் குழு மிலன்கோவிச் கணக்குப் போட்டது, அதாவது பூமியின் அச்சிலும் சுற்றுப்பாதையிலும் வரும் கால மாற்றங்களோடு பொருத்தியது. அப்படியானால் மொத்தம் 1.2 கோடி ஆண்டு. ஆனால் இடையில் உள்ள எரிமலைச் சாம்பல் அடுக்குகளின் ஸிர்கான் என்ற கனிமத்தை அளந்து கிடைத்த வயது அதில் பாதிகூடத் தரவில்லை. இந்த முரண்பாட்டைக் கட்டாயம் எழுதுங்கள்.

டாக்ஸ்டைன், ஆஸ்திரியா, பின் டிரையாசிக். ஆல்ஃபிரெட் ஃபிஷர் 1964-இல் காட்டிய வரிசை தலைகீழ்: கீழே சிவப்பு, பச்சைக் களிமண், பிறகு பாசிப் படலம், மேலே மெகலோடான் சிப்பிகளுடன் தடித்த சுண்ணாம்பு. அதாவது மேலே போகப் போக ஆழம் கூடுகிறது. பிற்பாடு சிலர் இந்த வரிசையை வேறு விதமாகவும் விளக்கினார்கள்.

எனக்கு மனப்பாடம் நிற்காது, வரைந்தால்தான் நிற்கும். அதனால் நான் செய்தவை:

- தினமும் காலையில் ஒரு நெடுக்குப் படம், ஐந்து நிமிடத்துக்குள். உச்சியிலிருந்து கீழ்நோக்கி.
- மிலன்கோவிச் கால அளவுகளைப் படத்தின் ஓரத்தில் எழுதிப் பழகினேன், எல்லாம் ஆண்டுகளில்: அச்சின் தலையாட்டம் 19,000, 23,000, சாய்வு 41,000, சுற்றுப்பாதை 1,00,000, 4,05,000.
- ஃபிஷர் பிளாட்டுக்கு (சுழற்சிகளின் தடிமன் மாறுவதை வரிசையாகக் காட்டும் வரைபடம்) குறைந்தது 50 சுழற்சியாவது வேண்டும் என்பதை நினைவில் வைத்தேன்.

நேர்முகத் தேர்விலும் லாட்டெமார் வந்தது. "நீங்கள் எந்தப் பக்கம்?" என்று கேட்டார்கள். காலிச்சே மூடி உள்ள அடுக்குகளில் கடல் இறங்கியதை ஏற்கிறேன், ஆனால் ஒவ்வொன்றுக்கும் 20,000 ஆண்டு என்று எண்ண மாட்டேன் என்றேன். ஸிர்கானை நம்புகிறீர்களா என்றார் இன்னொருவர். நம்புகிறேன் சார் என்றேன். அப்புறம் நிலத்தடி நீருக்குப் போய்விட்டார்கள்.