கொஸ்கமக் காணியும் அப்பாவின் கிணறும்

2025 ஜனவரி 12, ஞாயிறு. வெள்ளவத்தை

காலையில் கொஸ்கமவிலிருந்து பக்கத்துக் காணிச் சீயா போன் எடுத்தார். எங்கள் காணிக்குள் காட்டுப்பன்றி குடும்பமாகக் குடியிருக்கிறதாம். இரவில் வந்து அவருடைய மரவள்ளியை அடியோடு கிண்டிப் போட்டிருக்கிறது. "துவே, ஒன்றில் காணியை வெட்டு, இல்லையென்றால் பன்றியிடம் வாடகை வாங்கி எனக்குத் தா" என்றார் சிங்களத்தில். சீயா என்றால் தாத்தா, துவே என்றால் மகள். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

இரண்டு ஏக்கர், அதாவது 320 பேர்ச். 1979இல் அப்பா வாங்கியது. ரப்பர் நின்ற காணி. 83 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு கப்பலேறிக் காங்கேசன்துறையில் போய் இறங்கியபோது எனக்கு ஆறு வயது. கொழும்புக்குத் திரும்பி வந்த பிறகும் அந்தக் காணி எங்கள் வீட்டில் ஒரு பைலாகத்தான் இருந்தது. குத்தகைக்குப் பால் வெட்டியவரும் கைவிட்டுப் பல வருடம். மரங்களைத் தறித்து விற்ற காசு அப்பாவின் கடைசி ஆஸ்பத்திரிச் செலவுக்குப் போனது. அதன்பின் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

போனை வைத்ததும் அம்மா அடுப்படியிலிருந்து சொன்னா: "அதுக்குள்ள ஒரு கிணறு இருக்கெல்லோ. கவனம் பிள்ளை."

ஜனவரி 18, சனி

மகரகமவில் 122 பிடித்துக் கொஸ்கமவில் இறங்கி, ஆட்டோவில் உள்ளே. காணிக்கு முன்னால் நின்றபோது எனக்கு வந்தது வெட்கம்தான். வீதியோரம் ஆளுயரத்துக்கு மேல் கினியாப் புல். அதற்குப் பின்னால் நாயுண்ணி. மேட்டுப்பக்கம் முழுக்க, சிங்களத்தில் கெக்கில்ல என்கிற பன்னம், மெத்தை போல ஒன்றின்மேல் ஒன்றாய்ப் படர்ந்து கிடக்கிறது. மிதித்தால் கால் நிலத்தைத் தொடுவதில்லை.

அப்பாவின் பைலிலிருந்து நில அளவைப் படத்தைக் கொண்டு போயிருந்தேன். மடித்த இடங்களில் கிழிந்து, மை மங்கிவிட்டது. கீழ்ப்பக்கம் பாதை. கீழ் வலது மூலையில் சின்ன வட்டம், பக்கத்தில் 'கிணறு'. வீதிக்கு முதுகைக் காட்டிக் காணியைப் பார்த்து நின்றேன். வலது கைப் பக்கம், தென்கிழக்கு மூலை. சீயாவிடம் கேட்டால் அவர் இங்கே குடிவந்தது 90களில்தானாம், கிணற்றைக் கண்டதில்லை.

இந்தப் பக்கத்துக் கிணறுகளை நினைத்தால் வயிற்றைக் கலக்கும். கபுக்கல் என்கிற செம்புரைக்கல்லில் நேரே தோண்டிய குழி, கட்டும் இல்லை, சுற்றுச் சுவரும் இல்லை. மேலே கொடி படர்ந்துவிட்டால் நாயும் விழும், ட்ராக்டரும் விழும்.

எதை வைத்து வெட்டுவது என்று ஊரில் ஆளுக்கொரு கதை. ஜேசீபி என்றால் ஒரே நாளில் மொட்டையாக்கித் தருவார்களாம். எனக்கு மனமில்லை. சரிவான காணி, வேரோடு மேல்மண்ணையும் வழித்தெடுத்துவிட்டால் மே மாதம் தென்மேல் பருவமழை மிச்சத்தை வயலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். ஸ்லாஷர் என்கிற சுழல் பற்றைவெட்டி பூட்டிய சின்ன ட்ராக்டர் செடியின் தண்டைத்தான் வெட்டும், வேர் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும். திரும்பவும் முளைக்கும்தான். முளைக்கட்டும்.

ஜனவரி 19, ஞாயிறு

ட்ராக்டர் வருமுன் காணியை நடந்து பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். கத்தியோடு இரண்டு பேர் முன்னால், சிவப்புத் துணிக் கீலங்களோடு நான் பின்னால். ரப்பர்க் குற்றிகளுக்கு ஒரு துணி, எல்லைக்கற்களுக்கு இரண்டு. தென்கிழக்கு மூலையைச் சுற்றி முப்பது அடிக்குக் கயிறு கட்டிவிட்டேன், உள்ளே யாரும் போகக்கூடாது. கிணற்றை மட்டும் காணவில்லை. அலவாங்கால் குத்திக் குத்திப் பார்த்ததில் இரண்டு கறையான் புற்றுத்தான் அகப்பட்டது.

பால் ஏந்தும் பழைய சிரட்டைகள் நாற்பதுக்கு மேல் பொறுக்கினோம், பாதியில் தண்ணீரும் நுளம்புக் குடம்பியும். டெங்குக்கு நாங்களே பண்ணை நடத்தியிருக்கிறோம். பலா மரம் இரண்டு நிற்கிறது, தொடவேண்டாம் என்றேன். பலாவைத் தறிக்க அனுமதி வேண்டும், 1951ஆம் ஆண்டுச் சட்டம். அனுமதி தேவையில்லை என்றாலும் தறிக்க விட்டிருக்க மாட்டேன்.

சருகுக்குள் ஒரு கோப்பி விரியன் சுருண்டு கிடந்தது. சருகு நிறத்திலேயே, மூக்கைத் தூக்கிக்கொண்டு. நம் ஆஸ்பத்திரிகளில் உள்ள இந்திய விஷமுறிவு மருந்து இதன் கடிக்குச் சரிவராது. கத்திக்காரர் தடியால் ஒதுக்கி அனுப்பினார். வீட்டுக்கு வந்து கால்மேசைக் கழற்றினால் மூன்று அட்டை. அம்மாவிடம் சொல்லவில்லை.

ஜனவரி 25, சனி

ட்ராக்டர் வந்தது. 24 குதிரைவலு, நாலு சக்கரமும் இழுக்கும், பின்னால் நாலடி ஸ்லாஷர். டிரைவர் பக்கத்துத் தோட்டத்து ஆள், என் வயதுதான் இருக்கும், ஆனால் வாய்க்கு வாய் "அக்கா". வீதியின் இடது ஓரத்தில் மண் போட்டு வழி செய்து உள்ளே ஏற்றினார்.

நான் நினைத்தது போல முன்னால் ஓட்டிக்கொண்டு போகவில்லை. உயரமான பற்றைக்குள் பின்பக்கமாகத்தான் போனார். ஸ்லாஷரைத் தூக்கிப் பிடித்துப் பின்னால் நகர்த்தி, மெல்ல இறக்கி, மென்று முடித்ததும் முன்னுக்கு வருவார். "மூஞ்சிய விட்டா ரேடியேட்டர் போயிருங்க அக்கா. குண்டி போனா பரவால்ல" என்றார். ஸ்லாஷரை ஓட்டும் இரும்புத் தண்டு நிமிடத்துக்கு 540 சுற்றுச் சுற்றும். என்னையும் கத்திக்காரர்களையும் பலா மரத்துக்கு அப்பால் நிறுத்திவிட்டார். கல் ஒன்று தெறித்துத் தகரத்தில் பட்ட சத்தத்தைக் கேட்ட பிறகு நான் இன்னும் பத்தடி தள்ளி நின்றேன்.

அரை மணிக்கு ஒருக்கால் நிறுத்தி ரேடியேட்டர் வலையில் அப்பிய புல் விதையைக் கையால் வழித்தார். துணி கட்டாமல் விட்ட குற்றி ஒன்றில் ஸ்லாஷர் ஏறி 'டொக்' என்றது. அலகு முறியவில்லை; அது கீல் வைத்தது, அடிபட்டால் மடங்கிக்கொள்ளும். தண்டில் இருந்த ஷியர் போல்ட்தான் அறுந்தது. மாற்றினார். மத்தியானத்துக்குள் மூன்று அறுந்து, கைவசம் இருந்தது தீர்ந்தது. அத்தோடு வேலை நின்றது.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. நாங்கள் ஏறும் வழிக்குப் பக்கத்திலேயே ஒரு திட்டுப் பற்றையை வெட்டாமல் விட்டுவிட்டார். கேட்டால் "அப்புறம் பாத்துக்கலாங்க" என்கிறார். கூலி மணிக்கணக்கு. நாளைக்கு நாள் இழுக்கப் பார்க்கிறாரோ என்று நினைத்துக்கொண்டேன்.

ஜனவரி 28, செவ்வாய்

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடை. அறுந்த போல்ட்டைக் காட்டினேன். கடை நானா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் புத்திசாலித்தனமாக, "இதைவிட நல்ல உறுதியானதாத் தாங்கோ, அறாமல் இருக்க வேணும்" என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரரும் திரும்பிப் பார்த்தார். "தங்கச்சி, இது அறுகிறதுக்கெண்டே போடுற போல்ட். இது அறாட்டி கியர் பெட்டி அறும். எதை மாத்தப் போறீங்க?" அங்கேயே கிடந்ததில் மலிவான, மென்மையான ரகத்தில் ஒரு டசன் கட்டித் தந்தார்.

பெப்ரவரி 1, சனி

பத்து மணிபோல் மேட்டுப்பக்கம் வெட்டும்போது டிரைவர் சட்டென்று எஞ்சினை அணைத்துவிட்டுக் குதித்தார். பன்னத்துக்குள் பாதி புதைந்து துருப்பிடித்த இரும்பு, உருளை வடிவம், முழங்கை நீளம். எல்லோருக்கும் ஒரே நினைப்பு: சாலாவ.

2016 ஜூன் 5இல் சாலாவ இராணுவ முகாமின் ஆயுதக் கிடங்கு வெடித்தபோது இந்தச் சுற்றுவட்டாரம் முழுக்க இரும்பு மழை பெய்தது. சீயா வீட்டுக் கூரை ஓடு இன்னும் ஒட்டுப்போட்டுத்தான் இருக்கிறது. பொலிஸ் அவசர எண் 119க்கு அடித்துவிட்டு எல்லோரும் வீதிக்கு வந்து நின்றோம். மூன்று மணித்தியாலம். சீயாவின் மருமகள் தேத்தண்ணி தந்தா, ஊர்ப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள்.

வந்த பொலிஸ்காரர் தூரத்திலிருந்து பார்த்தார், கிட்டப் போய்ப் பார்த்தார், பிறகு காலால் உருட்டினார். ரப்பர் சீட் அடிக்கும் ரோதையின் உருளை. அப்பா காலத்தது.

பின்னேரம் கூலி கணக்குப் பார்த்தபோது அந்த மூன்று மணித்தியாலத்தை டிரைவர் சேர்க்கவே இல்லை. நானாகக் கேட்ட பிறகும் வேண்டாம் என்றார்.

பெப்ரவரி 6, வியாழன். வெள்ளவத்தை

கிணறு இன்னும் அகப்படவில்லை. தென்கிழக்கு மூலையைக் கத்தியால் அடி அடியாக வெட்டியாகிவிட்டது. தூர்ந்து போயிருக்கும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு, படத்தைப் போட்டோ எடுத்து டொராண்டோவில் இருக்கும் தம்பிக்கு அனுப்பினேன். காணி விஷயத்தில் அவன் இதுவரை அனுப்பியது கட்டைவிரல் படங்கள் மட்டுமே.

இரவு பதினொரு மணிக்கு அழைத்தான். "அக்கா, வடக்கு அம்புக்குறி எங்க காட்டுது எண்டு பாத்தனியோ?"

பார்த்தேன். மேலே காட்டவில்லை. மங்கிப்போன அந்த அம்பு இடது பக்கம் காட்டுகிறது.

படத்தின் கீழ்ப்பக்கம் உள்ள பாதை இப்போதைய வீதி இல்லை. அது மேற்குப் பக்கமாகப் போன பழைய தோட்டத்து வண்டிப்பாதை. இன்று அது இருந்த அடையாளமே இல்லை. வீதி பிறகு தெற்கால் போட்டது. காணி ஏறக்குறையச் சதுரம், அதுதான் வினை. எப்படித் திருப்பினாலும் பொருந்தும். அப்படியென்றால் கீழ் வலது மூலை தென்மேற்கு. நாங்கள் ட்ராக்டரை ஏற்றிய மூலை.

நித்திரை வரவில்லை.

பெப்ரவரி 9, ஞாயிறு

விடிய ஆறு மணி பஸ். டிரைவர் வந்ததும் படத்தை விரித்துக் காட்டினேன். அவர் படத்தைப் பார்க்கவில்லை. முதல் நாள் வெட்டாமல் விட்ட திட்டைப் பார்த்தார்.

"அதாங்க அக்கா நான் அதத் தொடல."

தெரிந்தே விட்டீர்களா என்றேன். கிணறு என்று தெரியாதாம். "மத்த எடத்துல கொடி மேல ஏறி நிக்குது. அங்க மட்டும் உள்வாங்கித் தொங்குச்சு. கீழ தாங்க ஒண்ணுமில்லாட்டித்தான் அப்படித் தொங்கும்." ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்றதற்கு, "நீங்க அந்தப் பக்கம் கயிறு கட்டி வச்சிருந்தீங்க. படிச்சவங்க, பிளான பாத்துத்தான கட்டியிருப்பீங்க" என்றார்.

இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு கத்திக்காரர் ஓரத்திலிருந்து கொடியை அறுத்து இழுத்தார். ஏழடி அகலத்தில் கறுப்பாக வாய் திறந்தது. கபுக்கல், சுவர் இல்லை. கல்லைப் போட்டதும் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. பிறகு நான் அளவு நாடாவை எடுத்து ட்ராக்டர் டயர்த் தடத்திலிருந்து விளிம்பு வரை அளந்தேன். நாலடி இரண்டு அங்குலம். இரண்டு சனிக்கிழமை அந்தத் தடத்தால் ஏறி இறங்கியிருக்கிறார்.

கூலிக்காக இழுக்கிறார் என்று நினைத்ததை அவரிடம் சொல்லவில்லை. இங்கே எழுதிவிட்டேன்.

பதினொன்றரைபோல் பன்சல என்கிற பௌத்த விகாரையின் ஒலிபெருக்கி பாதியில் நின்றது. நாடு முழுக்க மின்சாரம் போய்விட்டது என்று சீயாவின் மருமகள் வந்து சொன்னா. பாணந்துறை மின் உபநிலையத்தில் குரங்கு ஒன்று பாய்ந்ததுதான் காரணம் என்று அமைச்சர் சொன்னாராம். பன்றியைத் துரத்த வந்தவளுக்கு இப்போது குரங்குக் கதை. சீயா முதல்முறையாக என் முன்னால் சிரித்தார்.

பெப்ரவரி 16, ஞாயிறு

கிணற்றைத் தூர்க்க யாருக்கும் மனமில்லை, அம்மாவுக்குக் கட்டோடு இல்லை. சுற்றிவரக் கம்பி வேலி, மேலே கொங்கிறீட் மூடி இரண்டு துண்டாக. மிச்சப் பற்றையும் முடிந்தது. பன்றிகள் மலையடிக்குப் போய்விட்டனவாம்.

மார்ச் 22, சனி

பின்னேர இடிமழை நாலைந்து நாள் பெய்தது. கினியாப் புல் முழங்காலுக்கு மேல் வந்துவிட்டது, நாயுண்ணிக் கட்டை ஒவ்வொன்றிலும் நாலு துளிர். எதிர்பார்த்ததுதான், ஆனாலும் பார்த்தவுடன் கோபம் வந்தது. பூக்குமுன் இன்னொருக்கால் வெட்டினால் வேரின் பலம் குறையும் என்கிறார் டிரைவர். சித்திரை வருடப்பிறப்புக்கு முந்திய சனிக்கிழமை வருகிறேன் என்றார். மூடாக்குக் கொடி விதை தோட்டத்தில் கேட்டு வாங்கித் தருவாராம்.

நேற்றுப் பஞ்சிகாவத்தைக்குப் போனேன். நானா என்னைக் கண்டதும் ஒன்றும் கேட்காமல் மென்மையான போல்ட்டில் ஒரு டசன் எண்ணிக் கடதாசியில் சுற்றினார்.